நவகைலாயம் ஸ்பெஷல்

மார்கழி ஞாயிறு. விசிலும் டிக்கெட் மிஷினும் என் பொறுப்பு.
பாபநாசத்தில் சூரியனை முடித்துக் கிளம்பினோம்,
ஆறும் கூடவே வந்தது.
முறப்பநாட்டில் குரு.
குருப்பெயர்ச்சிப் பலன் நோட்டீஸ்
வண்டிக்குள் மிதிபட்டுக் கிடந்தது.

பதினெட்டாம் சீட் உலகம்மாள் டீச்சர் அதை எடுத்து விசிறிக்கொண்டார்:
"மெய்யான பெயர்ச்சி என்னைக்கோ முடிஞ்சிட்டுது தம்பி.
அப்போ சூரியனைச் சுத்தி வெறும் புழுதிதான்.
சுழியில நுரை சேருமே, அப்படி
தூசியைத் தூசி பிடிச்சு குரு பெருத்துது.
பெருத்தது சும்மா கிடக்குமா?
வழியில உள்ளதை வாரித் தின்னுகிட்டே
உள்ள இறங்கி வந்துது.
இன்னும் கொஞ்சம் வந்திருந்தா
நீயுமில்ல, இந்த வண்டியுமில்ல."

"பெறவு?"

"சனி பிடிச்சுது."

வண்டியே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.
"பின்னாலயே வந்து பிடிச்சு
வெளிய இழுத்துட்டுப் போச்சு.
மிச்சத் தூசியில நாம.
கணக்குப் போட்டுச் சொல்லுதாங்க, பாத்த ஆளு கிடையாது."

ஸ்ரீவைகுண்டத்தில் எள்ளெண்ணெய்ப் புகை.
ஏழரை எனக்கு, மூன்றாவது வருஷம்.
என்ன கேட்பதென்று தெரியாமல்
சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

தலை எண்ணினால் ஒன்று குறைந்தது.
டிரைவர் ஹார்னை விடவில்லை.
படித்துறையில் டீச்சர்
செருப்பை உதறி உதறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மணல் போவேனா என்றது.