கட்டைவிரல்

லியபாயாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
மூன்றாம் மாடிச் சன்னல் இரவெல்லாம்
பல்லைக் கடிக்கிறது.
எனக்கு எழுபத்தொன்று. பெயர் ஓயார்ஸ்.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன்,
பன்னிரண்டு டன் நிலக்கரியைக்
கப்பலின் வயிற்றுக்குள்
முட்டை வைப்பதுபோல் வைத்தவன்.

இப்போது
ஒரு மாத்திரையை அதன் கூட்டிலிருந்து
வெளியே தள்ள முடியவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை ஸாண்டா வருவாள், செவிலி.
ஈரக் காலணியை வாசலில் கழற்றிவிட்டு
எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எண்ணுவாள்.
ரத்த அழுத்தத்துக்குச் சின்னது, டப்பியில் வருவது: தீர்ந்திருக்கும்.
சர்க்கரைக்குப் பெரியது, அதுவும் டப்பி: தீர்ந்திருக்கும்.
குரலுக்கானது மட்டும்
அட்டையில் பதினொன்று மிச்சம்,
மீன்கண்கள் மாதிரி விழித்துக்கொண்டு.
அவள் எதுவும் கேட்கமாட்டாள்.
எழுதுவாள்.
தலைகீழாகவும் எனக்குப் படிக்கத் தெரியும்:
"மறுக்கிறார்."

மறுத்த காலம் ஒன்று இருந்தது, மறைக்கவில்லை.
இருபத்தாறு வயதில், பழைய ஆஸ்பத்திரியில்,
கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவைத்துக்
கழிவறையில் துப்பியவன்தான்.
விஷம் என்றது குரல். நம்பினேன்.
வார்டு ஆள் தேக்கரண்டியால் என் நாக்கை நெம்பிப் பார்ப்பான்.
அந்த அலுமினியச் சுவை
இன்னும் போகவில்லை.
அவன் செத்து, அந்த நாடும் செத்து,
சோதிக்க ஆளில்லாத இந்தக் குளியலறையில்
ஒவ்வொரு இரவும் கண்ணாடிமுன் நின்று
நானே நாக்கைத் தூக்கிக் காட்டுகிறேன்.
யாருக்கு என்று கேட்காதீர்கள்.

குரலுக்கும் வயதாகிவிட்டது.
முன்பெல்லாம் கட்டளைதான், கப்பல் சங்குபோல.
இப்போது நடுவில் மூச்சு வாங்குகிறது,
சொல்ல வந்ததை மறந்துவிடுகிறது.
போன மாதம் ஒரு ராத்திரி, சன்னல் பக்கமிருந்து,
"போட்டுக்கொண்டாயா?" என்றது.
சிரித்துவிட்டேன்.
"உன்னைத் தீர்க்கத்தானே அது" என்றேன்.
"தெரியும்" என்றது. "எனக்கும் தூக்கம் வேணும்."

அன்றைக்குத்தான் மீன்டப்பா திறக்கும் கத்தியை எடுத்தேன்.
தாளைக் கீறினேன். விரலையும்.
மாத்திரை துள்ளி அடுப்புக்கடியில் உருண்டது.
முழங்கால் மடங்காது. துடைப்பக் காம்பால் துழாவினால்
தூசு வந்தது, பழைய பொத்தான் ஒன்று வந்தது,
வரவேண்டியது வரவில்லை.

அடுத்த வெள்ளி ஸாண்டா துணி சுற்றிய விரலைப் பார்த்தாள்.
"என்ன இது, ஓயார்ஸ்?"
சொல்ல வாய் வரவில்லை.
அட்டையை எடுத்து அவள் கண்ணெதிரே
கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன்.
நாற்பது வருட மருந்து தந்த நடுக்கம்,
மூட்டு தந்த கோணல்,
இரண்டும் சேர்ந்து அதைச்
சுக்குத் துண்டாக்கியிருந்தன.
தாள் குழிந்தது. கிழியவில்லை.
இன்னொரு முறை.
அவள் பேனாவைத் திறந்தாள், மூடினாள்,
திறந்தாள்.

எழுதியிருந்த சொல்லின்மேல் ஒரு கோடு.
பக்கத்தில் வேறென்ன எழுதுவதென்று
அவளுக்கும் உடனே தோன்றவில்லை.

பிறகு ஏழு நாளுக்கானதை
அவள் பிதுக்கிப் பிதுக்கிப் போட,
மூடி உடைந்த சர்க்கரைக் கிண்ணத்தை
நான் பிடித்துக்கொண்டேன்.
மழை பிடிக்கும் முன்
தகரத்தில் ஒன்றிரண்டு விழுமே, அந்தச் சத்தம்.
குரல் கூடவே எண்ணியது.
ஐந்துக்குப் பிறகு தப்பாக எண்ணியது.
நான் திருத்தவில்லை.