பாக்கி

ஆடி பிறந்துவிட்டால் எனக்குத் தொழில் இல்லை.
எட்டு ஸ்பீக்கரும் மொட்டைமாடியில்
தார்ப்பாய்க்குள் படுத்திருக்கும்.
கீழ்க்கடை எண்ணெய்ச் செக்கின் கொப்பரை வாசம்
படியேறி வந்து
லென்ஸ் துடைக்கிற துணியில்கூட ஒட்டிக்கொள்ளும்.
‘பூங்கோதை போட்டோ வீடியோ ஈவன்ட்ஸ்’ என்ற பிளக்ஸில்
‘பூ’வை மட்டும் கிழித்துக்கொண்டு போனது
காங்கயத்துக் காற்று.

அப்படியொரு செவ்வாய்க்கிழமை
ஒரே படியில் ஏறி வந்தார்கள்
இரண்டு வீட்டாரும்,
தனித்தனி வக்கீலோடு.

தை மாதத்து ஆர்டர்.
வெள்ளகோவில் பெண், சிவன்மலை மாப்பிள்ளை.
டிரோன், கேண்டிட், பாலக்காட்டுச் செண்டை,
மேடையேறும்போது புகை,
இரண்டு பக்கமும் குளிர் மத்தாப்பு.
ஆல்பம் இன்னும் என் அலமாரியில்.
பாக்கி பதினெட்டாயிரம்.

ஆல்பம் கேட்டு வரவில்லை.
“வீடியோவைப் போடுங்க அம்மணி,
நகையை எண்ணோணும்.”

போட்டேன்.
அருமைக்காரர் நிறுத்தி நிதானமாய்ச் சீர் செய்ய,
“ஓட்டுங்க, ஓட்டுங்க.”
இணைச்சீரில் நாத்தனார் பேழைமூடி சுமந்து நிற்க,
“அது எங்க புள்ளைய நகை. அதைச் சேத்தாதீங்க.”
கெட்டிமேளம் உச்சத்தில் இருக்கையில்
“நிறுத்துங்க.”

நிறுத்தினேன்.
நாலரை முகூர்த்தத்துக்கு
இரண்டு மணிக்கே விளக்குக் கட்டி
நான் காத்திருந்து பிடித்த முகம்.
பென்சில் நுனி அதற்குக் கீழே இறங்கியது.
ஆரம் ஒன்று.
அட்டிகை ஒன்று.
ஒட்டியாணம்.
இடது கையில் வளையல் எட்டு.

“பத்து.”

“எட்டுங்க. கண்ணு தெரியுதல்ல?”

“பெருசாக்கு சாமி.”

பெருசாக்கினேன்.
ஃபோர் கே எதற்கு, தண்டச் செலவு என்று
அன்றைக்குப் பேரம் பேசிய தெய்வசிகாமணி
திரையில் மூக்கு முட்ட நின்று
மகள் கையை எண்ணினார்.
அவர் வழுக்கைக்கு மேலே
அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டாவது கேமராவில் அந்தக் கை திரும்பும்.
பத்துதான்.
எடிட் செய்தவள் நான், எனக்குத் தெரியும்.
எடுத்தவன் சென்னியப்பன், அவனுக்கும் தெரியும்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் மவுசைப் பார்த்தேன்.

டீ வந்தது. யாரும் குடிக்கவில்லை.
போகும்போது பாக்கியைக் கேட்டேன்.
இவர்கள் அவர்களைக் கைகாட்டினார்கள்,
அவர்கள் இவர்களை.
அந்த ஒன்றில்தான் சம்பந்திகள்.

ராத்திரி பத்தே முக்காலுக்கு போன்.
“அக்கா, கருணாம்பிகா பேசறனுங்.
அப்பா வந்தாங்களாமா?”

சொன்னேன், வளையல் விஷயத்தையும்.
தொண்டையில் நின்றதையும் சொல்லிவிட்டேன்:
பத்து இருக்கு கண்ணு, இன்னொரு கேமராவுல.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
“ரெண்டு எங்க சித்தியோடதுங்க்கா. எரவலு.
பந்தி முடியறதுக்குள்ள கழட்டிக் குடுத்துட்டேன்.
அப்பாவுக்குத் தெரியாது.”

அப்புறம் அவளே:
“மொத நா ரிசப்ஷன்ல
நானும் என்ற ஹாஸ்டல் புள்ளைகளும் ஆடுனமல்ல,
அது மட்டும் தனியா வேணுங்க்கா.
அவிய யாரும் இல்லாம.”

சரி என்பதற்குள்
மேஜையிலிருந்த பெட்டி கத்தியது:
பதினெட்டாயிரம் ரூபாய் பெறப்பட்டது.

உட்கார்ந்தேன்.
மூன்று நிமிடம் நாற்பது நொடி.
ஏழு பெண்கள், ஏழு தாளம்,
ஒருத்திக்கும் ஸ்டெப் சரியில்லை.
புகை மெஷினை யாரோ மிதித்துவிட
இருமிக்கொண்டே ஆடுகிறாள் இவள்.
மாமனாரை வெட்டினேன்.
வாழை மரத்தோடு நாத்தனாரை வெட்டினேன்.

வலது ஓரத்தில் அவன்.
அவள் கழற்றி எறிந்த ஹீல்ஸைப்
பொறுக்கி எடுத்து
எங்கே வைப்பதென்று தெரியாமல்
நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறான்.
வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது.

ஃபிரேமை இடதுபக்கம் நகர்த்திப் பார்த்தேன்.
அவன் போனால்
சுழலும்போது அவள் கையும் போகிறது.
கை போனால் ஆட்டமே இல்லை.

அவனைத் தோள்வரை வெட்டினேன்.
செருப்பு இரண்டும் இருக்கின்றன,
பிடித்திருக்கும் விரல்களும்.
அதற்குமேல் முடியவில்லை.

அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.
அறுபத்தெட்டு சதவீதம்.
மாடியில் தார்ப்பாய் அடித்துக்கொள்கிறது,
காலையில் கல் எடுத்து வைக்க வேண்டும்.