ஒரு பிடி

கிரீனக்கில் நாற்பது வருடமாக முடி வெட்டுகிறேன்.
அப்பாவுக்கும் நான்தான்.
நாற்காலியில் சாய்ந்ததும் எப்போதும் அதே வாக்கியம்:
"ஒரு பிடி இருக்கட்டும், மோராக்."

ஆசைக்குச் சொல்கிறார் என்றிருந்தேன்.
சுருள்முடி அவருக்கு, கடைசிவரை.

ஒரு சனிக்கிழமை, கடை அடைக்கும் நேரம்,
முகமெல்லாம் சோப்பு நுரையோடு
கண்ணாடியைப் பார்த்துப் பேசத் தொடங்கினார்.
என்னிடம் இல்லை. கண்ணாடியிடம்.

'ஆர்ட்வேனி' சின்னக் கப்பல்.
சண்டைக்கு முன் தீவுகளுக்குப் போய்வந்தது,
விடுமுறைக்காரர்கள், செம்மறிகள், தபால் மூட்டை.
பிறகு சாம்பல் வண்ணம் அடித்து
வட அட்லாண்டிக்கில்
நாற்பது சரக்குக் கப்பல்களுக்கு வாலாக விட்டார்கள்.
ஒன்று அடிபட்டால் மற்றவை நிற்கக் கூடாது.
உத்தரவு அப்படி.
நிற்பதற்கென்றே ஒரு கப்பல் வேண்டியிருந்தது.

என்ஜின் அடங்கியதும்
சமையற்கட்டில் கோப்பைகள் ஒன்றையொன்று
தொட்டுக்கொள்வது கேட்குமாம்.
எங்கோ கீழே
அதையும் கேட்டுக்கொண்டு ஒரு நீர்மூழ்கி.

"எண்ணெயில் முங்கினவனுக்குக் கை கொடுக்கிறேன் என்று
உள்ளங்கையை நீட்டாதே. வழுக்கும்.
மணிக்கட்டைப் பிடி.
அதுவும் நழுவினால் பெல்ட்டு.
பெல்ட்டு இல்லாவிட்டால் முடி.

ஒரு பையன். நார்வேயோ, நியூகாசிலோ,
எண்ணெய்க்குள் எல்லா முகமும் ஒரே ஊர்.
சட்டை இல்லை.
பேன் பிடித்ததென்று யாரோ
மொட்டை அடித்துவிட்டிருக்கிறார்கள் அவனுக்கு.
வலையின் கடைசிக் கயிற்றில் தொங்கியபடி
தலையைத் தொட்டேன், மோராக்.
இரண்டு தரம் தொட்டேன்."

கத்தரிக்கோல் என் கையில் திறந்தபடி இருந்தது.

"காதோரம் கொஞ்சம் எடு," என்றார்.

நடன அரங்கில்கூட
அம்மாவை மணிக்கட்டில்தான் பிடித்துக்கொள்வார்.
திருடியைப் பிடித்துப் போகிறான் பார் என்று சிரிப்பார்கள்.
பள்ளிக்கூடத் தெருவைக் கடந்ததும்
என் கையில் நான்கு விரல்தடம் சிவந்திருக்கும்.
அதற்காக எத்தனை நாள் பேசாமல் இருந்திருக்கிறேன்!

பதக்கம் கேட்டு ஒரு தடவை எழுதினார்.
போர்க்கப்பல் அல்ல, ஆகவே போர்ப்பணி அல்ல
என்று பதில் வந்தது, மூன்றே வரி.
காகிதத்தின் வெற்றுப் பாதியைக் கிழித்து
அம்மா மளிகைக் கணக்கு எழுதினாள்.
நல்ல கனமான தாள் என்றாள்.

அவர் போய் ஒன்பதாம் வருடம்,
போன மாசியில், நகர மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள்.
சட்டம் மாறிவிட்டதாம்.
கிளைடு மேல் தூறல். உள்ளே பிஸ்கட், தேநீர்.
மேசையில் வரிசையாக நீலப் பெட்டிகள்.
அதிகாரி சின்னப் பையன்,
பெயர்களைத் தடுக்கித் தடுக்கி வாசித்தான்.
பெர்ட் ஸ்க்லேட்டர், சமையல்காரர். யாரும் எழவில்லை.
கான் டெவனி, நிலக்கரி அள்ளியவர். யாரும் எழவில்லை.
டூகல் மக்கெக்னி, படகுக்காரர்.

போனேன்.
இடக்கையில் பெட்டியைத் தந்து வலக்கையை நீட்டினான்.
என் கை அவன் உள்ளங்கையைத் தாண்டிப் போய்
மணிக்கட்டைக் கவ்வியது.
நான் கவ்வவில்லை, கைதான்.
அவன் கடிகாரம் என் தோலில் அழுந்தியது.
புகைப்படக்காரர் போதும் என்றார்.
அவன் முழுசாக மேலே வந்துவிட்டானா என்று
எனக்கு இன்னும் தெரியவில்லை.

"ஏதாவது சொல்கிறீர்களா, அம்மா?"

தலையைப் பார்த்தேன்.
மெஷினில் ஒட்ட வெட்டியிருந்தான்.
பின்கழுத்தில் பிடிக்க ஒன்றுமே இல்லை.

"கொஞ்சம் வளர்த்துக்கொள்," என்றேன்.
கடைக்காரியின் கேலி என்று
மண்டபமே சிரித்தது, அவனும்தான்.
சிரித்துக்கொண்டே
தன் தலையைத் தானே தடவிப் பார்த்தான்,
இரண்டு தரம்.