நான்கு விரல்

ட்ரெலியூ தாண்டி மூன்றாம் நெடுஞ்சாலை.
பின்கதவுக் கண்ணாடி பாதியில் சிக்கி
ஏழு வாரமாகிறது.
முள் எண்பதைத் தொட்டால் போதும்,
கார் முழுக்க தொம் தொம் தொம் –
காதுக்குள் யாரோ கம்பளம் உதறுகிறாற்போல.

எவாரிஸ்தோ ஏதோ சொல்கிறான்.
"என்ன?"
திரும்பவும் சொல்கிறான்.
கழுத்து நரம்பு தெரிகிறது,
சொல் வந்து சேரவில்லை.
"ஆட்டையா?"
இல்லையென்று தலையசைக்கிறான்.

இங்கத்திய காற்றுக்கு
வேலிக்கம்பி, அதில் மாட்டிய பிளாஸ்டிக் பை, என் முடி
எல்லாம் ஒன்றுதான்.

என் பக்கக் கண்ணாடியை
நான்கு விரல் இறக்கினேன்.
சட்டென்று நின்றது அந்தத் தொம்.
மிச்சம் வெறும் இரைச்சல்,
அடுப்பில் எண்ணெய் காய்கிற அளவு.

அதன் நடுவில்
அவன் கத்தியது முழுசாக வந்து விழுந்தது:
"வீட்டை வித்துட்டேன், நெலிதா!"

தன் சத்தம் தனக்கே கூசியதுபோல
சாலையைப் பார்த்தான்.
வேலியோரம் ஒரு குவானாக்கோ
மென்றுகொண்டே நிமிர்ந்தது.
கடந்தோம்.
அடுத்த பெட்ரோல் பங்க்
நூற்றிப் பத்து கிலோமீட்டர் என்றது பலகை.

கைப்பிடியைச் சுழற்றினேன்.
மூன்று விரல். இரண்டு.
கடைசி விரல் இறுக்கமாக இருந்தது,
இரண்டு கையும் வேண்டியிருந்தது.

தொம்.
தொம் தொம்.

"என்ன?" என்றேன்.