சீரோ பார்த்துக்கோங்க

காவேரிப்பட்டணத்தில் நாலரைக்குப் பள்ளி மணி.
ஐந்தரைக்குள் கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு பங்க்கில்
பி.எட். கல்லூரிப் புடவைக்கு மேல்
நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்பேன்.
சட்டையில் எனக்கு முன்னால் வேலை பார்த்தவரின் பெயர் வில்லை:
தனசேகர்.
புதுசு வரும்வரை இருக்கட்டும் என்றார் மேனேஜர்.
ஆறு வாரமாக நான் தனசேகர்.

வண்டி வந்து நின்றதும் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்.
சீரோ பார்த்துக்கோங்க.
கிரானைட் லாரிக்கு அதட்டி,
பெங்களூர் காருக்குக் கன்னடத்தில்,
வேப்பனப்பள்ளி டிராக்டருக்குத் தெலுங்கில்.
பாதிப் பேர் பார்ப்பதில்லை.
சிலர் சீரோவைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள்,
பிறகு தனசேகரை.

கூட்டம் குறைந்தால்
காற்று பிடிக்கும் மிஷின்மேல் பாடத்திட்ட நோட்டு விரியும்.
ஏழாம் வகுப்பு. முழுக்கள். எண்கோடு.
கற்றல் விளைவு என்ற கட்டம் இன்னும் காலி.
பெட்ரோல் சொட்டிய இடத்தில்
பின்பக்க எழுத்து தலைகீழாகத் தெரிகிறது.
ஃபீஸ் இரண்டாம் தவணை இருபத்திரண்டாயிரம்.
சம்பளத்திலிருந்து அதைக் கழித்தால் வருவது
எண்கோட்டில் எனக்கு நன்றாகப் பழகிய பக்கம்.

செவ்வாய்க்கிழமை
கல்லூரி மேடம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.
பலகையில் கோடு இழுத்தேன், நடுவில் வட்டம் போட்டேன்,
வாய் தானாகச் சொன்னது:
சீரோ பார்த்துக்கோங்க.
நோட்டில் பூச்சியம் என்றுதான் எழுதியிருந்தேன்.
பெட்ரோல் வண்டி இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள்,
அவர்கள் சிரிப்பதைப் பார்த்து மற்றவர்கள்.
மூன்றாம் வரிசை மாதேசன் மட்டும்
பேனா மூடியைக் கடித்தபடி கோட்டின் இடது முனையையே பார்த்தான்.
அந்தப் பக்கம் போயிட்டா
எப்ப மிஸ் திரும்பி வர்றது?
கூட்டிக்கொண்டே வந்தால் வரலாம் என்றேன்.
பாடப்படி சரியான விடை.
மேடம் தாளில் எழுதினார்:
குரல் தெளிவு. பேச்சு வழக்கைக் குறைக்கவும்.

வெள்ளி இரவு ஒன்பது மணி.
கோட்டை மலைக்குப் பின்னால் சத்தமில்லாத மின்னல்.
சீசன் முடியும் மாங்காய் வாசத்தோடு ஒரு எக்ஸ்எல்,
அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவே ஒரு காலி கிரேட்.
அம்பது ரூவாய்க்கு, என்றார்
ஒரு கையால் நோட்டை நீட்டி.
பின்னாலிருந்து மாதேசன் அவர் காதில் என்னவோ சொன்னான்.
இறங்கினார். தலைத் துண்டை அவிழ்த்தார்.
நோட்டு இப்போது இரண்டு கைகளில் இருந்தது.

சீரோ பார்த்துக்கோங்க.
பார்க்கவில்லை.
மீட்டருக்கு முதுகைக் காட்டி நின்றார், மரியாதையாக.
நீங்க ஊத்துனா சரியாத்தான் இருக்கும் மிஸ்.

யாரும் இதுவரை என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.
வாங்கி வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.
பின்னால் ஒரு இனோவா ஹாரன் அடித்தது.
கன்னைப் பிடித்திருந்த கை அழுத்தவில்லை.
இல்லீங்கண்ணா, யார் ஊத்துனாலும் பாக்கணும்.
மிஸ்ஸா இருந்தா ரெண்டு தடவ பாக்கணும்.

அவருக்குத் திரும்பக் கூச்சம்.
மாதேசன்தான் கிரேட்டைத் தாண்டிக் குதித்து வந்து
மீட்டர் கண்ணாடியில் மூக்கு பட நின்று
வகுப்பில் வாசிப்பதுபோல் வாசித்தான்.
ரூபாய், சீரோ.
லிட்டர், சீரோ.
ரேட்டு மட்டும் சீரோ இல்ல மிஸ்.

அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக இறங்கியது.
அதையும் வாசித்தான், புள்ளிக்குப் பின்னால் இரண்டு இடம் வரை.

வண்டி நகர்ந்தபின் தலையைத் திருப்பிக் கத்தினான்:
மிஸ், தனசேகர் யாரு?

பதில் சொல்வதற்குள் இனோவா முன்னால் வந்துவிட்டது.
விரலளவு கண்ணாடி இறங்கியது.
ஃபுல் டேங்க்.
உள்ளே ஒரு முகம், செல்போன் வெளிச்சத்தில் குனிந்தபடி.
மீட்டரை அழித்தேன்.
அவர் நிமிரும்வரை நின்று
சொன்னேன்.