வாய்தா இல்லாத ஊர்

பச்சை ஃபியட்டில் ஒரு பிணம்.
விலை அன்றைக்கு இரண்டு ரூபாய்,
டவுன்ஹால் ரோட்டு நடைபாதையில் எனக்கு இருபது.
ஜெய்லானி பாய் முகத்தைப் பார்க்காமல்
பேப்பரில் சுருட்டிக் கொடுப்பார்,
மெடிக்கல் ஷாப்பில் சில சாமான்களைக் கொடுப்பது மாதிரி.

அட்டையில் ஒருத்தி.
தோளில் நிற்க மறுக்கும் சிவப்புப் புடவை.
கையில் துப்பாக்கி, பிடித்திருப்பதோ
சப்பாத்திக் கட்டையைப் பிடிப்பதுபோல.
நாவல் முழுக்கத் தேடினாலும்
அப்படி ஒருத்தி வரமாட்டாள்.
தெரிந்தேதான் ஒவ்வொரு முறையும் தேடுகிறேன்.

நான் செஷன்ஸ் கோர்ட்டில் தட்டச்சர்.
பதினெட்டு வருஷமாகக் கொலைகளை
இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டு அடிக்கிறேன்.
நிஜக் கொலையில் யாரும் புத்திசாலி இல்லை.
குழாயடி, வரப்பு, சீட்டுப் பணம்,
குடித்துவிட்டுச் சொன்ன ஒரு வார்த்தை.
அரிவாளைக் கழுவக்கூட மாட்டார்கள்.
'மேற்படி காத்தமுத்து என்பவரை மேற்படி இடத்தில் வைத்து'
என்று நான் அடித்துக்கொண்டிருக்கையில்
காத்தமுத்துவின் அம்மா
வராந்தாத் தூணில் சாய்ந்து
ஒன்பதாவது வருஷமாகத் தூக்குவாளியைத் திறப்பாள்.
சாட்சி வரவில்லை.
வக்கீலுக்குக் காய்ச்சல்.
அடுத்த வாய்தா.

ஐந்து நாற்பது மேலூர் வண்டியில்
ஜன்னலோரம் கிடைத்தால்
பையிலிருந்து 'அலுவலக நடைமுறை நூல்' எடுப்பேன்.
உள்ளே ஃபியட்.
ஒத்தக்கடை வருவதற்குள் பிணம் கிடைத்துவிட வேண்டும்.
யானைமலை படுத்திருக்கும் பக்கம்
நான் தலை திருப்பி எத்தனையோ நாளாகிறது,
அந்த நேரம் பார்த்து ஷைலா டெலிபோனை வைத்துவிட்டு
"பாஸ், யாரோ நம்மைக் கவனிக்கிறாங்க" என்கிறாள்.
நரசிங்கம்பட்டியில் துப்பறியும் ஜெயசீலன்
சிகரெட் சாம்பலை முகர்ந்து
கொன்றவன் இடதுகைக்காரன் என்கிறார்.
எப்படி என்று கேட்கக் கூடாது.
எப்படி, எப்போது, எத்தனை அடி தூரத்தில்,
பகலெல்லாம் அடித்தது போதும் எனக்கு.
அடுத்த பக்கத்தில்
தடயவியல் அறிக்கை அன்று மத்தியானமே வந்துவிடுகிறது!
அந்த ஒரு வரிக்கே
எழுதியவருக்கு ஒரு கெடா வெட்டலாம்.

"என்னக்கா, பரீட்சையா?" என்றாள்
பக்கத்து சீட்டில் காப்பியிஸ்ட் அகிலாண்டம்.
"டிபார்ட்மெண்ட் டெஸ்ட்" என்றேன்.
அவள் மடியில் பொது அறிவுக் கையேடு.
அதன் நடுவே ஒரு மஞ்சள் ஓரம் துருத்திக்கொண்டிருந்தது.
எனக்குத் தெரியாதா அந்த மஞ்சள்.
சிட்டம்பட்டி வரை இரண்டு பேரும்
மிக ஒழுக்கமாகப் படித்தோம்.

பன்னிரண்டாம் பக்கத்து ஓரத்தில்
யாரோ பென்சிலில் எழுதியிருந்தார்கள்: டிரைவர்தான்.
அறுபதில் அதே கை அதை மறுத்தது: இல்லை, டாக்டர்.
தொண்ணூற்று மூன்றில் ஜெயசீலன்
எல்லோரையும் ஹாலில் உட்காரவைத்து
"கொலையாளி இந்த அறையில்தான்" என்று எழுந்தார்.
அதோடு சரி.
மிச்சம் மூன்று தாளும்
எந்தக் கடலைக்கோ போயிருக்கின்றன.

மறுநாள் பாயிடம் சண்டைக்குப் போனேன்.
"இருபது ரூபாய்க்கு முடிவும் வேணுமாக்கும்"
என்று சிரித்தார்.

அன்று கோர்ட்டில் காத்தமுத்துவின் அம்மா
என் மேஜைவரை வந்துவிட்டாள்.
டவாலி சத்தம் போட்டும் நகரவில்லை.
"நீதான தாயி எல்லாத்தயும் அடிக்கிற,
கடைசில என்னதான் ஆகும்?"

"பதினேழாம் தேதி" என்றேன்.

அவள் போகும்வரை
காலடியில் இருந்த பையை நான் திறக்கவில்லை.
புதுசு ஒன்று இருந்தது அதில்.
கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று
நின்று பார்த்து வாங்கியது.