இருபத்திமூன்றாம் படி

குர்லா ஸ்டேஷன் மேம்பாலத்தில்
இருபத்திமூன்றாம் படியில்தான் அது வரும்.
மார்பெலும்புக்குப் பின்னே
யாரோ ஈரத்துணியை முறுக்குவதுபோல.
செல்போன் பார்ப்பதாக நடிப்பேன்.
கூட்டம் தோளில் இடித்துக்கொண்டு ஏறும்.
இரண்டு நிமிடத்தில் துணி தளரும்.
ஹார்பர் லைன் வண்டி போயிருக்கும்.

டாக்டர் மஸ்கரேனாஸ்
மருந்துச்சீட்டின் பின்புறம் ஒரு கிளை வரைந்தார்.
கிளையில் ஓரிடத்தில் எண்பது சதவீதம் என்று எழுதினார்.
"அவசரமில்லை. மாத்திரையிலும் ஓட்டலாம்.
வலி குறையணும்னா ஸ்டென்ட்.
ஆயுள் கூடுமான்னு கேட்காதீங்க,
கூடும்னு சொல்ல என்கிட்ட கணக்கு இல்லை."

மருத்துவர்கள் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.
பத்தொன்பது வருடமாக
அவர்களின் பில்லைத்தான் படிக்கிறேன்.
இன்சூரன்ஸ் க்ளெய்ம் பிரிவு, ஆறாவது மாடி.
மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று, பலூன் இரண்டு, ஒயர் ஒன்று,
கையுறை, கையுறைக்குப் பணம் கிடையாது.
பச்சை மையில் டிக் அடித்து டிக் அடித்து
எத்தனை இதயங்களை அடுத்த மேஜைக்குத் தள்ளியிருப்பேன்.

"பெரிய சிக்கல் நூத்துல ஒருத்தருக்கு.
அதுக்கும் குறைவுதான்."
சம்மதப் படிவத்தில் என் கையெழுத்து
பாதியில் நின்றது.
அந்த ஒருத்தரை எனக்குத் தெரியும்.
தத்தாராம் காம்ப்ளே, உல்லாஸ்நகர், வயது ஐம்பத்திரண்டு.
டிஸ்சார்ஜ் சம்மரி இணைக்கப்படவில்லை என்று
இரண்டு முறை கோப்பைத் திருப்பி அனுப்பினேன்.
மூன்றாம் முறை அவர் மனைவி
கோடு போட்ட தாளில் மராத்தியில் எழுதியிருந்தாள்:
அவர் டிஸ்சார்ஜ் ஆகவில்லை.

மீதிக் கையெழுத்தையும் போட்டேன்.

மணிக்கட்டுப் பட்டையில்
மங்கையர் என்பதோடு என் பெயர் முடிந்திருந்தது.
இடம் போதவில்லை என்றாள் கோட்டயத்து நர்ஸ்.
அரசி வெளியே காத்திருக்கட்டும்.

வளையல் கிடக்கும் இடத்தில் ஊசி.
தூங்கவைக்கவில்லை. அறை ஐஸ்பெட்டி.
தலைமாட்டில் யாரோ
நேற்றைய மேட்சில் விட்ட கேட்சைத் திட்டினார்கள்,
அது எனக்குத் தைரியமாக இருந்தது.
திரையில் கறுப்பு வேர் ஒன்று
துடித்தது, கரைந்தது, மறுபடி துடித்தது.
பலூன் விரிந்த அரை நிமிடம்
இருபத்திமூன்றாம் படி
நான் படுத்திருந்த இடத்துக்கே ஏறி வந்தது.
"இந்த வலிதானா?"
"இதேதான்."
பிறகு அது இறங்கிப் போனது.

மறுநாள் வீடு.
கத்தரிக்காய் நிறத்தில் மணிக்கட்டு.
ரத்தம் உறையாதிருக்க இரண்டு மாத்திரை.
"பல் டாக்டர் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதீங்க,
முதல்ல எனக்குப் போன் பண்ணுங்க."
ஸ்டென்டின் வரிசை எண் போட்ட அட்டையை
ரேஷன் கார்டு உறைக்குள் செருகிவைத்தேன்.

பதினோராம் நாள், குர்லா.
இருபத்திரண்டு.
இருபத்திமூன்று.
நின்றுவிட்டேன்.
வலி இல்லை, பழக்கம்.
"சலோ மௌசி" என்றது பின்னாலிருந்து ஒரு டிபன் பை.
இருபத்திநான்கின் ஓரம்
இவ்வளவு உடைந்திருக்குமென்று எனக்குத் தெரியாது.

ஆறாவது மாடியில் முதல் கோப்பு.
அம்பர்நாத், ஒரு ஸ்டென்ட்,
டிஸ்சார்ஜ் சம்மரி இணைக்கப்படவில்லை.
பச்சைப் பேனாவை மூடிவைத்துவிட்டு
அந்த வீட்டுக்குப் போன் போட்டேன்.
மணி அடிக்கிறது.